பெயர் சொல்லாத அழைப்பு

என் வீட்டுக்காரருக்குக் காது போனது மைக் செட்டால்தான். லால்குடியில் முப்பது வருடம் 'தியாகேசன் சவுண்ட் சர்வீஸ்' நடத்தினார். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். விசேஷம் இல்லாத நாட்களில் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் திறப்பு விழா, ஆடித் தள்ளுபடி என்று தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போவார்.

"ஆட்டோ ஒரு தெருவத் தாண்டறதுக்குள்ள பத்துப் பேராவது வாசலுக்கு வரணும். வரலைன்னா அது விளம்பரம் இல்ல, வெறும் சத்தம்" என்பார்.

அறுபது வயதில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் காது மிஷின் விலையைக் கேட்டுவிட்டு, "இந்த விலைக்கு நான் ஊமைப் படமாவே பாத்துக்கறேன்" என்று திரும்பி வந்துவிட்டார். நான்கு வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் 'செவிமடு' என்ற கம்பெனி இலவச முகாம் போட்டது. நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்த பெண் அவர் காதில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்றைப் பொருத்தினாள். "காசு வேண்டாம்யா. நடுவுல நடுவுல விளம்பரம் வரும். அதுவும் நீங்க யார்கிட்டயும் பேசாம சும்மா இருக்கறப்ப மட்டுந்தான்."

"வரட்டும். நான் அதக் கேக்காம இருந்தா?"

"கேக்கறீங்களா இல்லையான்னு மிஷினுக்குத் தெரிஞ்சிரும்யா."

"அதெப்படித் தெரியும்?"

"கவனிச்சா தலை திரும்பும்ல? முழுசாத் திரும்பாட்டியும் காதுக்குப் பின்னாடி சதை லேசா அசையும். அத அளந்துடும். திரும்பின தலைக்கு மட்டுந்தான் விளம்பரக் கம்பெனிங்க எங்களுக்குக் காசு கொடுப்பாங்க."

அவருக்கு ஒரே சந்தோஷம். "முப்பது வருஷமா நான் ஆட்டோவுல உக்காந்து கண்ணால எண்ணினத இது காதுக்குள்ள உக்காந்து எண்ணுது பாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மங்கை, ஏதாவது பேசு" என்றார். என்ன பேச என்று கேட்டேன். "உன் குரல் எப்ப இப்படிக் கரகரன்னு ஆச்சு?" என்றார். நான்கு வருடம் கழித்து என் குரலைக் கேட்ட மனிதர் சொன்ன முதல் வார்த்தை அது.

முதலில் மிஷின் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் திரும்பினால், "வீட்டு வாசலிலேயே பழைய வண்டியை விற்க" என்று ஆரம்பிக்கும். இரண்டு மூன்று முறை திரும்பினார், பிறகு திரும்பவில்லை. அடுத்து சைக்கிள் மணி, பால் பொங்குகிற சத்தம், குக்கர் விசில். ஒவ்வொன்றுக்கும் சில நாள் ஏமாந்துவிட்டுத் தேறிக்கொள்வார். "பய நல்ல வேலைக்காரன், ஆனா நான் அவனுக்கு மேல" என்பார். மறுபக்கம் இருப்பவன் ஏதோ இன்னொரு மைக் செட்காரன் என்பதுபோலத்தான் பேசுவார்.

ஒரு மத்தியானம் நான் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து அடுக்களைக்கு வந்து, "என்ன?" என்றார்.

"என்ன என்ன? நான் கூப்பிடலையே."

"ஏங்கன்னு கூப்பிட்டியே."

"கூப்பிடலைங்க."

அவர் நிலைப்படியில் நின்று யோசித்தார். பிறகு காதைத் தொட்டுக்கொண்டு சிரித்தார். "மூட்டு வலித் தைலமாம்" என்றார்.

எங்கள் மகள் யாழினி சென்னையில் கம்ப்யூட்டரில் புள்ளிவிவரங்களை ஆராய்கிற வேலையில் இருக்கிறாள். ஃபோனில் அவளிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "இத யாரும் உக்காந்து யோசிச்சுச் செய்யறதில்லம்மா. லட்சக்கணக்கான காதுல எந்தச் சத்தத்துக்கு யார் திரும்பறாங்கன்னு மிஷின் பாத்துக்கிட்டே இருக்கும். நம்ம பக்கத்துல கல்யாணமான ஆம்பளைங்க எல்லாச் சத்தத்துக்கும் கொஞ்ச நாள்ல சலிச்சுப் போறாங்க. இது ஒண்ணுக்கு மட்டும் சலிக்காமத் திரும்பறாங்க. கோயமுத்தூர்ப் பக்கம் 'ஏனுங்க', மெட்ராஸ்ல 'என்னங்க', நம்ம ஊருல 'ஏங்க'. வீட்டுல என்ன புழங்குதோ அது."

"இத எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லியிருப்பாளேடி. இதுக்கு ஒரு மிஷினா?"

"யாரும் உங்களக் கேக்கலையே."

"என் குரல்ல கூப்பிடுதா?"

"இல்ல. குடும்பத்து ஆளுங்க குரல விளம்பரத்துல போடக்கூடாது, ஆளோட பேரச் சொல்லிக் கூப்பிடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. இது யாரோட குரலும் இல்ல. அடுப்படியிலேருந்து வர்ற மாதிரி கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மெதுவா வரும். மிச்சத்த அப்பாவோட மனசே போட்டுக்கும்."

பெயருக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. குரலுக்கும் உண்டு. எல்லா வீட்டிலும் புழங்குகிற இந்த வார்த்தைக்குச் சொந்தக்காரர் என்று யார் போய் நிற்பது? அதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. நாங்களும் அதுவரை யோசித்ததில்லை.

விளம்பரம் வராத மிஷினுக்குத் தான் மாதாமாதம் பணம் கட்டுவதாக யாழினி சொன்னாள். "விளம்பரக்காரன் விளம்பரத்துக்குப் பயந்து காசு கட்டறதா? ஊர் சிரிக்கும்" என்று அவர் மறுத்துவிட்டார்.

ஊர் வேறு காரணத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த முகாமில் லால்குடியில் பாதிப் பேர் மிஷின் வாங்கியிருந்தார்கள். டீக்கடையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தபோது ஒரே சமயத்தில் நான்கு பேரும் திரும்பியதாக அவர் வந்து சொன்னார். "நாலு பேரு பொண்டாட்டியும் அங்க இல்ல. டீ ஆத்திக்கிட்டு இருந்தவன் பயந்துட்டான்."

சிரிப்பு கொஞ்ச நாள்தான். ஒரு நாளைக்குப் பத்து முறை, பதினைந்து முறை எழுந்து வந்து "என்ன?" என்று கேட்டவர், பிறகு இருந்த இடத்திலிருந்தே "நீயா?" என்று கேட்டார். பிறகு அதுவும் நின்றது. காதருகே ஈயை ஓட்டுவதுபோல் கையை ஒரு வீசு வீசுவார், அவ்வளவுதான்.

நான் கூப்பிட்டாலும் அந்த வீச்சுதான். சாப்பாடு ஆறிப்போகும். கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் நின்று கத்துவான். கைதட்டிப் பார்த்தேன். மிஷின் கைதட்டலை இரைச்சல் என்று வடிகட்டிவிடுமாம். எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டினேன். அதற்குத் திரும்பினார். இரண்டு பேருக்கும் நிம்மதி. அடுத்த வாரமே அவர் காதில் டம்ளர் சத்தம் கேட்டது. பின்னாலேயே காபித் தூள்.

"நாம எதக் கண்டுபிடிச்சாலும் அத எடுத்துக்குது" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணத்தான் எடுக்க முடியாது" என்றார் அவர். "பேரு. சட்டத்துல அதுதான் தடை. நீ என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டா அது நீதான், வேற எவளும் இல்ல. சொல்லு பாப்போம்."

"என்னது?"

"தியாகேசன்னு சொல்லு."

"போங்க."

"ஏன், ஊரே சொல்லுது. பால்காரன் சொல்றான்."

"பால்காரனுக்கு என்ன வந்துச்சு."

"மைக் டெஸ்ட் பண்ற மாதிரி நெனச்சுக்க. ஒன், டூ, த்ரீ... சொல்லு."

"தி..." என்றேன். அதற்கு மேல் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி சிரிப்பு. மூன்றாவது முறை சிரிப்பு வரவில்லை. பெயரும் வரவில்லை.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். கிளை நூலகத்தில் இருக்கிற நாவல்களில் நான் எடுக்காதது குறைவு. நூலக அட்டையில் கணவர் பெயர் என்ற இடத்தில் என் கையால்தான் எழுதினேன். எழுத வரும். யாராவது கேட்டால் சொல்லவும் வரும். அவரைப் பார்த்துக் கூப்பிட மட்டும் வராது. மரியாதையா, பயமா என்று யாழினி கேட்டாள். இரண்டும் இல்லை. இடது கையால் கோலம் போடச் சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பேன், வரும். வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக "ஏங்க" என்றுவிடும். நாற்பது வருடம் அந்த முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைத்தானே சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் கூப்பிடுவேன், அவர் திரும்பாவிட்டால் கிட்டே போய்த் தோளைத் தொடுவேன். "நீதானா? விளம்பரம்னு நெனச்சேன்" என்பார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "இன்னிக்கு ரொம்பத்தான் கூப்பிட்டான்" என்று அலுத்துக்கொள்வார். வீட்டுக்குள் அந்த ஏற்பாடு ஓடியது.

சித்திரை மாதம், காலை வெயில் ஏறிய நேரம். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் முத்துக்கண்ணுவின் தள்ளுவண்டியருகே அவர் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் அவர் பக்கம் வந்தது. பேட்டரி லாரி, சத்தமே கிடையாது. டிரைவர் மறு பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் "ஏங்க!" என்று கத்தினேன்.

முத்துக்கண்ணு நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தவர் பார்த்தார். பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பையன், அவனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது, அவனும் திரும்பினான். அவர் மட்டும் திரும்பவில்லை. காதருகே கையை ஒரு வீசு வீசினார். மறுபடி கத்தினேன். அப்போதும் அதே வார்த்தைதான் வந்தது. முத்துக்கண்ணு அவர் சட்டையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினார். எட்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு யாழினிதான் புகார் கொடுத்தாள். ஒலி விளம்பரங்களுக்கென்று திருச்சியில் ஒரு குறைதீர் மன்றம் இருந்தது. செவிமடு மேல் ஏற்கெனவே பல குடும்பங்கள் புகார் கொடுத்திருந்தன. அடுப்பில் தீப்பிடித்துக் கூப்பிட்டும் வராத கணவர், பிரசவ வலியில் கூப்பிட்டும் எழாத கணவர். எல்லாருக்கும் சேர்த்து வாதாடிய வக்கீல், எங்கள் புகார்தான் வலுவானது என்றார். பார்த்த சாட்சி மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த வார்த்தைக்கு அவர் திரும்பாமல் போனது கம்பெனியின் விளம்பரத்தால்தான் என்று தீர்ப்பானால், மற்ற எல்லாருக்கும் வழி பிறக்கும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அவர் என்னை அலட்சியம் செய்து போகவில்லை, ஒரு மிஷின்தான் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றது என்று யாராவது எழுத்தில் தரவேண்டும்.

கம்பெனி சார்பில் பிரிசில்லா என்ற இன்ஜினியர் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் என்னிடம் வணக்கம் சொன்னாள். அவர்கள் வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை.

விசாரணை அதிகாரி அவளைக் கேட்டார். "விபத்து நடந்த நேரத்துல அவர் காதுல உங்க விளம்பரம் ஓடிச்சா?"

"இல்லைங்க சார்."

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி?"

"இல்லைங்க. அன்னைக்கு முழுக்க எதுவும் இல்ல."

எங்கள் வக்கீல் எழுந்தார். "தினமும் தொந்தரவு தாங்கலைன்னு அவரே வீட்டுல சொல்லியிருக்கார். அதுக்குச் சாட்சி இவங்க இருக்காங்க."

பிரிசில்லா என்னைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "சார், திரும்பின தலைக்குத்தான் எங்களுக்கு வருமானம். ஒருத்தர் எதுக்குமே திரும்பலைன்னா, அவருக்கு விளம்பரம் அனுப்பறது வீண் செலவு. கொஞ்ச நாள் பாத்துட்டு மிஷின் தானா அவர விட்டுடும். காது கேக்கற வசதி மட்டும் அப்படியே இருக்கும். இவர் காதுக்குக் கடைசியா விளம்பரம் போனது பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். அதுக்கப்பறம் ஒண்ணுகூடப் போகல."

"அப்ப அவர் கேட்டது?" என்றார் அதிகாரி.

"அதுக்கப்பறம் அவர் காதுல விழுந்த 'ஏங்க' எல்லாம் இவங்க கூப்பிட்டதுதான் சார்" என்றாள்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாளிலிருந்து நான் யோசித்துப் பார்த்தேன். வருஷப் பிறப்பன்று மாங்காய்ப் பச்சடிக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டேன். தோளைத் தொட்ட பிறகுதான் வந்தார். "பண்டிகை நாள்ல கூட விட மாட்டேங்கறான்" என்றார். கொல்லைக் கிணற்றுச் சுவரில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டக் கூப்பிட்டேன். நகர்ந்து போய் அவர் தோளைத் தொட்டால் அது பறந்துவிடும் என்று நின்ற இடத்திலிருந்தே மறுபடி மறுபடி கூப்பிட்டேன். அன்று சாப்பிட்டுவிட்டு, "சாயங்காலம் விடாம அடிச்சான்" என்றார். அவர் அலுத்துக்கொண்ட அத்தனையும் நான்தான். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமே இல்லை.

எங்கள் வக்கீல் குனிந்து, "அம்மா, நீங்க எதுவும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். புகார் விழுந்துவிட்டது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அதிகாரி ஒரு சம்பிரதாயத்துக்காகக் கேட்டார்.

நான் எழுந்து பிரிசில்லாவிடம் கேட்டேன். "நிறுத்திட்டோம்னு அவர்கிட்டச் சொன்னீங்களாம்மா?"

"சொல்லலம்மா."

"ஏன்?"

"விளம்பரம் வந்தாத்தான் எல்லாரும் குறை சொல்வாங்க. வரலைன்னா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால சொல்லணும்னு எங்க யாருக்கும் தோணல."

"அந்த வார்த்தைய நாங்க வீட்டுல வச்சுப் புழங்கிக்கிட்டு இருந்தோம். நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. சரி, உங்களுக்கு ஆதாயம் இருந்துச்சு, எடுத்தீங்க. வேணாம்னு ஆனப்பறம் இந்தா, வச்சிட்டோம்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நாங்க எடுத்துக்கிட்டிருப்போம்ல? பக்கத்து வீட்டுல இரவல் வாங்கின அண்டாவக் கூட வாசல்ல வச்சிட்டுக் குரல் கொடுக்காமப் போக மாட்டாங்களே."

அவர்கள் வக்கீல், "இது உணர்ச்சிகரமான வாதம்" என்றார். "ஆமா" என்றார் அதிகாரி. "ஆனா வாதம்தான்."

உத்தரவு வர மழைக்காலம் ஆனது. சாவுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வார்த்தையைத் தடை செய்யவும் மன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒருவருக்கு விளம்பரம் அனுப்புவதை நிறுத்தினால், அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதற்கும் கம்பெனி ஒரு மனுப் போட்டது. நாங்கள் யாரை விடுகிறோமோ அவர்கள் எதையும் கவனிக்காதவர்கள், கவனிக்காததால்தான் விடுகிறோம், அவர்களிடம் எப்படித் தெரிவிப்பது என்று. பிரிசில்லா அந்த வேலையை விட்டுவிட்டாள் என்று யாழினி கேள்விப்பட்டிருந்தாள். அதனால் இந்தக் கேள்வியை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. "கவனிக்கறவங்க யாராவது வீட்டுல இருப்பாங்கல்ல, அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று அதிகாரி முடித்துவிட்டார்.

இப்போது அந்தச் செய்தி மனைவிமார் ஃபோனுக்கு வருகிறது. 'உங்கள் கணவரை நாங்கள் இனி அழைப்பதில்லை. செவிமடு.' அவ்வளவுதான். படிக்கிறவளுக்கு ஒன்றும் புரியாது. பேப்பரில் என் பெயர் வந்திருந்ததால், விசாரித்து நம்பர் வாங்கி என்னைக் கூப்பிடுகிறார்கள்.

போன வாரம் பெரம்பலூரிலிருந்து செல்வாம்பிகை என்று ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, என்னமோ வந்திருக்குக்கா. இவருக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது. அவருக்கு விளம்பரத்த நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான். இப்ப எங்க இருக்காரு?"

"கூடத்துல டிவி பாக்கறாரு."

"நீ கூப்பிட்டாத் திரும்பறாரா?"

"எங்கக்கா. எருமை மாடு மாதிரி உக்காந்திருக்காரு."

"இனிமே காதுல ஏதாவது விழுந்தா அது நீதான்னு அவருக்கு முதல்ல தெரியணும். பேரச் சொல்லிக் கூப்பிடு."

"அய்யய்யோ. பேரா? எனக்கு நாக்கு வராதுக்கா. மாமியாரு வேற இருக்காங்க."

"வரும். முதல்ல எங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லிப் பழகு. அடுத்தவ புருஷன் பேரு சுலபமா வரும்."

"என்ன பேருக்கா?"

"தியாகேசன்."

"தியாகேசன்" என்றாள்.

"மெதுவா இல்ல. தெருமுனையில நிக்கறவரக் கூப்பிடற மாதிரி."

"தியாகேசன்!"

"இன்னும்."

"தியாகேசன்!" அவள் சொல்லச் சொல்ல நானும் கூடவே சொன்னேன்.

"சரி. இப்ப அதே வேகத்துல, யோசிக்காம, உங்க வீட்டுக்காரர் பேரு."

டிவி சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு ஃபோனைக் கீழே இறக்கிவிட்டு, தொண்டை உடைகிற மாதிரி அவள் கத்துவது கேட்டது.

"அருணகிரி!"

டிவி சத்தம் நின்றது. தூரத்தில் ஓர் ஆண் குரல், "யாருடி அது? என்னடி ஆச்சு உனக்கு?" என்றது.

அவள் ஃபோனை எடுத்து, மூச்சு வாங்க, குரலைத் தாழ்த்திப் பேசினாள். "திரும்பிட்டாருக்கா."

"திரும்பிட்டாரா?"

"திரும்பிட்டாரு. முறைக்கிறாரு."

"முறைக்கட்டும்" என்றேன்.